மேலிடத்து உத்தரவு

பீடோர் சந்தைக்குப் பின்னால்
பால்மரம் வெட்டிய சரிவில்
முந்நூற்று நாற்பது மாங்கன்றுகள்.
குடைக்கம்பிபோல் நிற்கின்றன,
பக்கக் கொப்பு ஒன்றுகூட இல்லாமல்.

"கிளை வேணும், லோகா.
இடுப்புக்கு மேல, நெஞ்சுக்குக் கீழ
அஞ்சு கண்ணு. ஆறு வேணாம்"
என்றார் தவுக்கே.
குப்பியைத் தந்தவர் தூரிகை தர மறந்திருந்தார்.
தீபாவளிக்கு வாங்கிய நகப்பூச்சின் தூரிகையைத்
தின்னரில் கழுவி எடுத்துவந்தேன்.

நுனிக்குருத்துதான் மண்டோராம்.
தண்டு வழியாக நாளெல்லாம்
ஒரே சேதியை இறக்கிக்கொண்டிருக்குமாம்:
தூங்கு. நீ தூங்கு. நீயும்.
கீழே உள்ள கண்களெல்லாம் கேட்டு நடக்குமாம்.
சொன்னவன் மருந்து விற்க வந்த ரூபகுமார்,
சட்டையில் காப்பிக் கறை.
கண்ணுக்கு மேலே பிறையாக ஒரு கீறல் போட்டால்
தபால் நின்றுவிடும்.
களிம்பைத் தொட்டு வைத்தால்
'மேலிடம் காலி' என்று ஒரு பொய்க்கடிதம் போகும்.
மொட்டு அதை நம்பிவிடும்.

எனக்குச் சிரிப்பு வந்தது.
கையுறைத் தொழிற்சாலையில் ஒன்பது வருஷம்
சுவரில் ஒட்டிய அறிக்கையெல்லாம் படித்தவள் நான்.
காலி என்று ஒரு தடவைகூட வந்ததில்லை.

பதினேழாம் நாள். மழை விட்டிருந்தது.
மூன்றாம் வரிசையில் ஒரு கண் வெடித்திருந்தது,
செம்பு நிறத்தில், எலிக்காது அளவு.
அப்புறம் அதற்குப் பக்கத்தில். அப்புறம் பரவலாக.
சில கண்கள் திறக்கவே இல்லை,
பூசிய வெள்ளை பொருக்காகக் காய்ந்து கிடந்தது.
எட்டாம் வரிசையில் கலவை கெட்டியாகிவிட்டது.
பதினொரு கன்று இலை சுருண்டது.
சம்பளத்தில் கழித்தார்.

இப்போது கோணம் பார்க்கிறார்.
விலகிப் பிரிந்த கிளை காய் தாங்கும்,
ஒட்டி நிமிர்ந்தது காற்றில் கிழியும்.
துணிக்கவ்விகளைத் தண்டுக்கும் தளிருக்கும் நடுவே
செருகிக்கொண்டு வருகிறேன்.
வீட்டுக் கொடியில் கவ்வி இல்லை.
மகனின் பள்ளிச் சட்டை இரண்டு முறை
எதிர்வீட்டுக் கூரைக்குப் பறந்தது.

ஒன்று சொல்லவில்லை.
வேலியோரக் கடைசிக் கன்றுக்கு
ஒரு சொட்டும் வைக்காமல் விட்டேன்.
மருந்து தீரவில்லை. சும்மாதான்.
ஒற்றைக் குச்சியாகவே
என் தலையைத் தாண்டிவிட்டது.
நேற்றுக் குனிந்து பார்த்தேன்:
முழங்கால் உயரத்தில்,
யாரும் கேட்காத இடத்தில்,
ஒரு கண் தானாக விழித்திருக்கிறது.

தவுக்கே பார்த்தால் கிள்ளச் சொல்வார்.
கத்தரி என் இடுப்புப் பையில்தான் இருக்கிறது.