பதினொன்று அல்லது பதினேழு

கிறிஸ்தியானியாவில் மூன்றாம் மாடி,
வடக்கு ஜன்னலோர மேசை.
கடலின் அடியை வரைவது என் உத்தியோகம்.
அந்த வடகடலை நான் கண்டதில்லை.

குளிர் இறங்கியதும் ஏடுகள் வரும்,
மீன்வாடையோடு, ஓரங்கள் உப்பில் விறைத்து.
ஹால்வார் ஸ்க்ரெடே எழுதியிருப்பார்:
கயிறு விட்டேன். நாற்பத்தொரு பாகம்.
ஈயக்குண்டின் அடியில் அப்பிய கொழுப்பில்
கருமணல், உடைந்த சிப்பி.

அவ்வளவுதான்.
கட்டைவிரல் அகலத்துக்குக் காட்டிவிட்டுக்
கடல் மூடிக்கொள்கிறது.
அடுத்த விரலகலம் அரை மைல் தள்ளி.
நடுவில் நான் ஒரு கோடு இழுக்கிறேன்,
போய் நடந்து பார்த்துவிட்டு வந்தவன்போல.

எங்கள் மேலதிகாரியைக்
கரை கண்டவர் என்பார்கள்.
கரை, சரி.

சில இடங்களில் கொழுப்பு
வெள்ளையாகவே மேலே வரும்.
கயிறு தீர்ந்தது, தரை தட்டவில்லை.
அதற்கும் குறி உண்டு:
எண்ணின் தலைமேல் ஒரு கோடு, கோட்டின்மேல் ஒரு புள்ளி.
படம் முழுவதிலும்
கை நடுங்காமல் நான் இடுவது
அது ஒன்றைத்தான்.

ஒரு பக்க ஓரத்தில், பென்சிலில்:
குன்வோர் என்ற மீன்காரி சொல்கிறாள்,
தேவாலயக் கூம்பும் பிளந்த மலையும்
ஒன்றையொன்று மறைக்கும் இடத்தில் பாறையாம்.
பார்த்தாயா என்றேன்.
நான் இல்லை, என் வலை பார்த்தது
மூன்று தடவை என்றாள்.
குண்டு போட்டேன். அகப்படவில்லை.

வலை கிழிந்த ஓசைக்கு எண் ஏது?
ஒரு சிலுவை போட்டு
பக்கத்தில் சின்னதாக எழுதினேன்:
கேள்வி.

பிறகு அந்தக் கறை.
கொழுப்பு பட்டு எண்ணின் பாதி கரைந்திருந்தது.
பதினொன்றா, பதினேழா?
சந்தேகமென்றால் குறைத்துச் சொல் என்பது அலுவலக விதி,
கப்பலுக்கு அதுதான் நல்லது.
பதினொன்று என்று மசியிட்டேன்.
அச்சாகியும்விட்டது.

தூக்கம் கெட்டு ஹால்வாருக்குக் கடிதம் போட்டேன்.
ஏழு வாரம் கழித்துப் பதில்:
'நினைவில்லை ஐயா.
ஆனால் உங்கள் படத்தை விரித்துப் பார்த்தேன்,
பதினொன்றுதான். கவலை வேண்டாம்.'

சிரித்தேனா என்று சொல்லத் தெரியவில்லை.
ஏட்டை விளக்கருகே பிடித்தேன்.
கறை பட்ட இடத்தில் காகிதம் கண்ணாடியாகி
மறுபக்கத்து எண்கள் இடவலம் மாறித் தெரிந்தன.
தையல் மடிப்பில் ஏதோ உறுத்தியது.
மணல். ஒரே ஒரு துகள்.

விரல்நுனியில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.
எந்தப் பக்கத்து மணலோ.