நான்காம் கட்டிலுக்கு ஏழு நிமிடம்

கொடிமலைமேல் இடி விழுந்ததோ
ஆயர் ஈத்தாம் ரோட்டில் எங்காவது கம்பி அறுந்ததோ, தெரியாது.
சேமிக்க அழுத்திய விரல்
மேலெழுவதற்குள்
பதினான்காம் மாடி மொத்தமும் கறுத்துவிட்டது.

லிஃப்டுக்குள் யாரோ தட்டினார்கள்.
பக்கத்து வீட்டு ஆ லெக்
டார்ச்சை நேரே என் முகத்தில் அடித்து
"பிளாக்அவுட் லா" என்றார்,
எனக்கு மட்டும் யாரும் சொல்லவில்லை என்பது போல.

நாற்பது நிமிடம்.
முதலில் குளிர்பெட்டி உறுமியது.
பிறகு சாமிப் படத்தின் சிவப்பு பல்பு.
கடைசியாகத்தான் கணினி.

கோப்பு இருந்தது.
பெயர் இருந்தது. அளவும் அப்படியே,
நாற்பத்தொரு கிலோபைட்.
திறந்தால் முழுக்கப் பூஜ்யம்.
இடைவெளிக்குக்கூட முப்பத்திரண்டு என்று ஓர் எண் உண்டு;
இது அதுவுமில்லை.
காலிசெய்த வீட்டுச் சுவரில்
ஆணி பிடுங்கிய ஓட்டைகள் மாதிரி
வரிசை பிசகாமல் இருந்தது.

பழைய பிரதிகளின் பெட்டகமும் அதே வட்டில்தான்.
கேட்டுப் பார்த்தேன். சிதைந்துவிட்டது என்றது.
முந்தினதைக் கேட்டேன். அதையும் அப்படியே சொன்னது.
ஜனவரி மாதத்துப் பிரதி மட்டும்
தலையோடு வந்து இடுப்பில் நின்றுவிட்டது.
கொம்தாரில் முந்நூற்றிருபது வெள்ளிக்கு
ஒரு பேட்டரிப் பெட்டி பார்த்துவிட்டு
விலை அதிகம் என்று திரும்பியவள் நான்.
அந்த முந்நூற்றிருபதை
அன்றிரவு பலமுறை எண்ணினேன்.

இரண்டு மணிக்குத்தான் ஞாபகம் வந்தது.
ஜெலுத்தோங் டயாலிசிஸ் நிலையத்தில்
போன மாதம் நிறுவியது இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறதே.
விடிந்ததும் மழைச்சட்டை போட்டுக்கொண்டு மோட்டாரில் போய்
பென்டிரைவில் எடுத்து வந்தேன்.
அரைத்த மாவைத் திரும்ப அரிசியாக்கும் வேலை.

வந்தது.
கூட்டியது, கழித்தது, கட்டில்களைச் சரியாகப் பங்கிட்டது.
ஆனால் நான் வைத்த பெயர் ஒன்றுமில்லை.
நோயாளி வெறும் 'ஏ' ஆகியிருந்தார்.
காத்திருப்பு 'பி' ஆகியிருந்தது.
எனக்கு நானே ஓரத்தில்
தமிழில் எழுதிவைத்த குறிப்புகள்
எந்திரத்துக்கு வேண்டாதவை என்பதால்
அப்போதே உதிர்ந்திருந்தன.

இருநூற்றுப் பதினெட்டாம் வரியில் இப்படி:
மின்சாரம் போய், கட்டில் நான்கு என்றால்
ஏழு நிமிடம் கூட்டு.

மற்ற பதினொரு கட்டிலுக்கு அப்படி ஏதுமில்லை.
எழுதியவள் நான். ஏன் என்று தெரியவில்லை.
எடுத்துவிட்டு ஓட்டினேன். நன்றாகவே ஓடியது.
திரும்ப வைத்தேன்.
எதற்கென்று தெரியாத மாத்திரையை
குப்பையில் போடவும் பயம், விழுங்கவும் பயம்.

மிஸ்ஸி கியோக் லானுக்கு ஃபோன் போட்டேன்.
எடுத்ததும் சிரித்தார்.
"மறந்துட்டியா? நீயும்தானே நின்ன!
நீ கவுண்டர் கம்ப்யூட்டர் பார்க்க வந்த அன்னைக்குக் கரண்ட் போச்சு.
நாலாம் நம்பர் மிஷின்ல பேட்டரி செத்திருந்தது.
குழாயில இருந்த ரத்தத்தை
நான் கைப்பிடி சுத்தித் திரும்ப அனுப்பினேன்,
உன் ஃபோன் வெளிச்சத்துல.
உன் கை ஆடிக்கிட்டே இருந்திச்சி.
நீதான் மணி பார்த்து ஏழு நிமிஷம்னு சொன்ன."

ஆமாம்.
கட்டிலில் இருந்தவர் கண்ணைத் திறக்காமல்
நம்பர் டிக்கெட் எடுத்தாச்சா என்று
யாரையோ கேட்டுக்கொண்டிருந்தார்.

"புது பேட்டரி மாத்தலையா மிஸ்ஸி?"
"ஆர்டர் பண்ணியிருக்கு. உன் வீட்டுல?"
"நாளைக்கு" என்றேன்.

'ஏ'யை அழித்து நோயாளி என்று எழுதினேன்.
'பி'யைக் காத்திருப்பு என்று.
இருநூற்றுப் பதினெட்டுக்கு மேலே
ஒரு வரி: கையால் சுற்ற ஆகும் நேரம்.
எடுக்காதே.

சேமித்தேன். பென்டிரைவிலும் ஒன்று.
விரலை விசையிலேயே வைத்துக்கொண்டு
குளிர்பெட்டியின் உறுமல்
நிற்கிறதா என்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

லிஃப்டுக்குள் தட்டியது யாரென்று
ஆ லெக்கிடம் கேட்கவே இல்லை.