பிரிவுபடாத பாகம்

மெய்யம்மை,
ஞாயிறு வகுப்பில் உன் நாற்காலியில்
ஒரு குடை இருக்கிறது, மூன்று வாரமாய்.

"உயிரும் இறையும் வேறென்றால் ஏன் பிரிக்க வரவில்லை?
ஒன்றென்றால் அழுவது யார்?"
கேட்டுவிட்டு நீ எழுந்து போனாய்.
ஆசிரியர் மூன்று சூத்திரம் சொன்னார்.
மூன்றையும் மணிமணியாய் எழுதிக்கொண்டேன்.
பரீட்சையில் உனக்கு முப்பத்தொன்று. எனக்கு எண்பத்திரண்டு.
யாரிடமும் சொல்லாதே:
எனக்கும் தெரியாது.

நான் பத்திரம் எழுதுகிறவன். தெரிந்ததைச் சொல்கிறேன்.
நேற்று ஆறாவயல் பக்கம் ஒரு வீடு அளக்கப் போனோம்.
நாற்பத்தெட்டுப் பங்கு.
ஈப்போவில் ஒருவர், கோயம்புத்தூரில் ஏழு பேர்,
செத்தும் வாரிசுச் சான்று வராதவர் இரண்டு பேர்.
வந்தவர் சாத்தப்பன் ஒருவர்தான்.
வளவில் நின்று சுற்றிப் பார்த்து
"இதில் என்னுது எது?" என்றார்.

இருபது வருடமாய் எழுதுகிற வார்த்தைதான்,
பிரிவுபடாத பாகம்.
ஒரு செங்கல்லைத் தொட்டு என்னுதென்று சொல்லக் கூடாது,
என்னுதில்லையென்றும் சொல்லக் கூடாது.
விளக்க வாயெடுத்தேன்.
மழை பிடித்துக்கொண்டது.
இரண்டாங்கட்டில் ஒழுகியது.
மனிதர் பேச்சை விட்டுவிட்டு
துருப்பிடித்த அண்டாவை இழுத்துப் போய்
ஒழுகலுக்குக் கீழே வைத்தார்,
வேட்டி நனைய.
அந்த மூலை யார் பங்கு என்று கேட்கவில்லை.
எனக்குக் கேட்கத் தோன்றி, வெட்கமாய்ப் போயிற்று.

இதுதான் விடை என்று வைத்துக்கொள்ளாதே.
உவமை என்பது நம்மூர் ரயில் மாதிரி,
தேவகோட்டை ரஸ்தாவில் இறக்கிவிட்டுப் போய்விடும்.
ஊர் இன்னும் தூரம்.

சூத்திரங்களை ஒரு மாதம் மூடி வை.
பழைய பேப்பர்காரனிடம் மட்டும் போட்டுவிடாதே.
காரைக்குடியில் உன் மருந்துக்கடைக்கு
ராத்திரி பத்து மணிக்கு ஒரு சீட்டு வந்ததே,
டாக்டர் கையெழுத்து கோழி கிளறின மாதிரி.
வரிசையில் நாங்கள் முணுமுணுக்க,
நீ ஊகித்துக் கொடுக்கவில்லை.
போன் போட்டாய், எடுக்கவில்லை. மறுபடி போட்டாய்.
பரீட்சைத் தாளிலும் அதைத்தான் செய்திருக்கிறாய்:
தெரியாத இடத்தை வெறுமையாய் விட்டிருக்கிறாய்.
நான் விட்டதில்லை.

அந்த வெற்றிடத்தோடு வா.
நீ கேட்டால்தான் அவர் சூத்திரத்தைத் தாண்டி
ஒரு நிமிஷமாவது தடுமாறுகிறார்.
அந்த ஒரு நிமிஷம் எனக்கும் வேண்டியிருக்கிறது.

குடை என்னுடையதுதான்.
வேறு யாரும் உட்கார்ந்துவிடாமல் வைத்தேன்.
நேற்று அது இல்லாமல்தான் நனைந்தேன்.