சூடானால் தெரியும்

மன்னார்குடி பந்தலடி ஸ்டூடியோவில்
மக் ஒன்று முந்நூற்றைம்பது ரூபாய்.
வெறும் கறுப்பு. சூடாக ஊற்றினால்
முதலில் அவள் பல்வரிசை, பிறகு என் மூக்குக்கண்ணாடி,
அப்புறம் இரண்டு பேரும்.
ஆளுக்கொன்று வாங்கினோம், செங்கமலவல்லியும் நானும்.
மூணாறு தலைப்பில் ஒரே மேசையின் இரு பக்கம்
நீர்மட்டம் எழுதிக்கொண்டிருந்த வருஷம் அது.

வெண்ணாறு இத்தனை, கோரையாறு இத்தனை,
பாமணியாறு இத்தனை கனஅடி.
அவள் வாசிப்பாள், நான் எழுதுவேன்.
அதே குரலில்தான் ஒருநாள்
"ஒரு கையெழுத்துடி, ஜாமீன்தானே" என்றாள்.
போட்டுக் கொடுத்தபோது
காபியில் இன்னும் ஆவி பறந்தது.

திருப்பூர் என்றார்கள், ஓசூர் என்றார்கள்.
சங்கத்து நோட்டீஸ் மட்டும்
சரியான விலாசத்துக்கு வந்து சேர்ந்தது.

மக் என்ன செய்யும், பாவம்.
அரிசி அளந்தது: எனக்கும் பையனுக்கும்
ராத்திரிக்கும் சேர்த்து ஒன்றரை.
தலைக்கு மை குழைத்தேன், கறை தெரியாது.
ஐப்பசியில் கூரை சொட்டும் இடத்தில்
மூன்று நாள் உட்கார்ந்திருந்தது.
ஒருமுறை குப்பை வண்டிவரை போனது.
"நல்லாத்தானேக்கா இருக்கு" என்று
வண்டிக்காரரே திருப்பித் தந்துவிட்டார்.

புயல் அடித்து கரண்ட் இல்லாத பதினோரு நாளும்
மெழுகுவத்தி நட்டு வைத்தது அதில்தான்.
ஐந்தாவது நாளோ ஆறாவதோ
திரி அடிவரை இறங்கி மக் சூடேற,
"அம்மா, அத்தை சிரிக்கிறாங்க" என்றான் பையன்.
ஊதி அணைத்தேன்.
இருட்டில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தோம்.

அதன்பிறகு அவன் வேண்டுமென்றே
வெந்நீர் ஊற்றிப் பார்க்க ஆரம்பித்தான்.
ஆபீசுக்கே கொண்டுபோய்விட்டேன்.
டவராவில் ஆற்றி ஆற்றி
சூடு முழுக்கப் போனபிறகுதான் அதில் ஊற்றுவது.
இதை எப்படிக் குடிக்கிறே என்பார்கள்.
அல்சர் என்பேன்.

இந்த ஆனியில், முறைத்தண்ணீர் வந்த அன்று,
புதிதாகச் சேர்ந்த பிள்ளை இன்பசேகர்
பிளாஸ்கிலிருந்து கொதிக்கக் கொதிக்க
கேட்காமல் ஊற்றிவிட்டான்.

அவள் வந்தாள். பல்வரிசை, ஜிமிக்கி, எல்லாம்.
என் பக்கம் நாரில் தேய்த்துத் தேய்த்து
வெள்ளையாகப் போயிருந்தது.
"யாருக்கா இவங்க?"

கோரையாற்றுக் கணக்கு பாதியில் நின்றது.
இன்னும் ஒன்பது தவணை பாக்கி.
"அவங்க தோள்மேல ஒரு கை இருக்கு பாரு,
அது நான்" என்றேன்.