என் மேசைக்கு வந்தவை

போர்டில் ‘குடிநீர்’ உதிர்ந்துபோய்
‘பரிசோதனைக் கூடம்’ மட்டும் மிச்சமிருக்கிறது.
அதனால் பென்னாகரத்தில் யாருக்கு எது பயமோ
அதைப் பாட்டிலில் அடைத்து
என்னிடம் கொண்டுவந்துவிடுகிறார்கள்.

ஹார்லிக்ஸ் பாட்டிலுக்குள் மூன்று சுற்றாக
ஒரு கண்ணாடிவிரியன் வந்தது.
கடிபட்டவர் ஆட்டோவில்.
மச்சான்காரன் பதற்றத்தில்
ஆஸ்பத்திரிக்குப் பக்கத்துக் கதவைத் தட்டிவிட்டான்.
மூடியில் ஆணியால் துளை போட்டிருந்தான்
அது மூச்சுவிட.
அதை இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

சின்னமாது கொண்டுவந்தது தீப்பெட்டி.
கிடாயின் கொம்படிப் புண்ணில்
சீதா இலையை அரைத்து அப்பியதும்
வெளியே வந்து விழுந்த புழுக்கள்.
நான் தயிர்ச்சோற்றைப் பாதியில் நிறுத்திவிட்டுப் பார்த்தேன்,
பார்த்துவிட்டு மீதியைச் சாப்பிட்டேன்.
‘அது கத்தவேயில்ல மேடம், நின்னுச்சு’ என்றபோது மட்டும்
அவர் குரல் இறங்கியது.

முதுகு நிறையக் குஞ்சுகளோடு ஒரு தேள்,
பிஸ்கட் டப்பாவில்.
அதை யாரும் அடிக்கவில்லை. எனக்கும் மனசு வரவில்லை.
டப்பாவைச் சுவருக்கு அந்தப்பக்கம் கவிழ்த்தேன்.

ஒகேனக்கல் பரிசல்காரர் ஒருவர்
எதையும் கொண்டுவரவில்லை.
மின்விசிறிக்குக் கீழே சும்மா உட்கார்ந்தார்.
மூன்று நாள் கழித்து மேலே வரும் உடம்பில்
மீன் முதலில் உதட்டைத்தான் தின்றிருக்கும் என்றார்,
அப்புறம் இமை.
‘அதனால முகத்தைப் பாக்க மாட்டேன். காலைப் புடிச்சு இழுப்பேன்.’
டீ கிடைக்குமா என்று கேட்டார்.

ஏரிமேட்டு வேடியப்பன் மாசியில் வந்தார்.
அரைக்காணி விற்று
அறுநூற்றெண்பது அடி.
தண்ணீர் பீறிட்ட அன்றைக்கு
குழாய்க்குக் கற்பூரம் காட்டினார்களாம்,
ஒரு கிழவர் சேற்றில் விழுந்து கும்பிட்டாராம்.

ஒரு லிட்டர் பாட்டில். நாற்றமில்லை. கலங்கலில்லை.
ஜன்னலுக்கு நேரே பிடித்தேன்.
எதிரே இருக்கும் புளியமரம்
இடம் வலம் மாறி உள்ளே நின்றது,
இலை இலையாக.

‘பூச்சி கீச்சி இருக்குதா மேடம்?’
‘ஒண்ணுமில்ல.’
பொய்யில்லை. அதில் உயிருள்ள எதுவும் இல்லை.

குழாயில் கொஞ்சம் தண்ணீர். சில சொட்டு மருந்து.
முதலில் கல்யாண வீட்டு ரோஸ்மில்க் நிறம்.
பிறகு வெளிறத் தொடங்கியது.
ஆரஞ்சு. அங்கேயும் நிற்கவில்லை.
அட்டையின் கடைசிக் கட்டத்தைத் தாண்டி
எலுமிச்சை மஞ்சள்.

எனக்கு அந்த மஞ்சளைத் தெரியும்.
யாராவது பின்னாலிருந்து கூப்பிட்டால்
என் அப்பா கழுத்தைத் திருப்பமாட்டார்,
பீரோவை நகர்த்துவது போல்
முழு உடம்பையும் நகர்த்துவார்.
சிரிக்கும்போது என் கை
என்னைக் கேட்காமல் வாய்க்குப் போகும்.
கல்யாண ஆல்பம் முழுக்க அந்தக் கைதான்.

விரியனுக்காவது மிதித்துவிட்ட கோபம்.
கீழே கிடக்கும் பாறைக்கு
நம்மேல் ஒன்றுமில்லை.
நாம் வருவதற்கு முன்பே
அது தன்பாட்டுக்குக் கரைந்துகொண்டிருந்தது.

படிவத்தில் ஓர் எண்ணை எழுத
இவ்வளவு நேரம் பிடிக்கக்கூடாது.
வேடியப்பன் என் பேனாவையே பார்த்துக்கொண்டிருந்தார்.
அவர் மகள் தேன்மதி, இரண்டாங்கிளாஸ்,
சுவரில் இருந்த நோட்டீஸை எழுத்துக்கூட்டிப் படித்தாள்.
முன்பல் இரண்டும் இப்போதுதான் முளைக்கின்றன,
ரம்பம்போல் விளிம்பு,
நல்ல வெள்ளை.

‘அப்பா, தண்ணி.’

பாட்டிலில் மிச்சமிருந்ததை எடுத்து
அவளிடம் கொடுத்தார்.
நம்ம ஊர்த் தண்ணி, குடி என்றார்.
அண்ணாந்தாள்.

விரியன் வந்த அன்றைக்குக்கூட
நான் நாற்காலியை விட்டு எழவில்லை.

எழுந்தேன்.