அடுத்த துடிப்பு

முதலில் வேண்டியது இரைச்சல்.
அது தாராளமாக இருக்கிறது,
ஒரு குமிழைத் திருகினால்
தகரத்தில் உளுந்து கொட்டுகிற மாதிரி, ஓயாமல்.

எனக்கு வேண்டியதோ நிதானம்.
வடிகட்டினேன். இன்னும் வடிகட்டினேன்.
காது எட்டாத ஆழத்துக்கு இறங்கிச்
சோனியாகிப் போனதைப் பெருக்கி எடுத்தேன்.
இப்போது அது ஒலி இல்லை.
மீட்டர் முள் தூக்கத்தில் புரள்கிறது,
அவ்வளவுதான்.

அதன் குறுக்கே ஒரு கோடு.
கோட்டைத் தாண்டி ஏறினால் ஒரு துடிப்பு,
டொக்.
இறங்கும்போது ஒன்றுமில்லை.
மதகுப் பலகைமேல் தண்ணீர் வழிவதைப் பார்த்தவர்களுக்கு
இதை விளக்க வேண்டாம்.

கூத்தாநல்லூர், மாடி அறை, ஆனி மாதம்.
பெட்டிகள் சிங்கப்பூரிலிருந்து தம்பி அனுப்பியவை.
கஸ்டம்ஸில் கேட்டார்கள், இருதயம் பார்க்கிற மிஷினா என்று.
ஆமாம் என்றிருக்கலாம்.

முதலாவதுக்கும் இரண்டாவதுக்கும் நாற்பது நொடி.
அடுத்தது பதினொன்றில்.
அதற்கடுத்தது
நான் சாப்பிட்டுக் கைகழுவி வந்தும் வரவில்லை.
விரல்விட்டு எண்ணுவதை அன்றே நிறுத்தினேன்.

சம்சுனிஷா துணி எடுக்க வந்தவள் நின்று கேட்டாள்:
"இது எப்ப மச்சான் அடிக்கும்?"
தெரியாது.
"தெரியாம இருக்கிறதுக்கா இத்தனை வயரு?
அதுக்குத்தான் மும்முனை கரண்ட் இருக்கே."
சிரித்துவிட்டுக் கீழே போனாள்.
கொடியில் என் கைலி மட்டும் மறந்து கிடந்தது.

ராத்திரி இரண்டேகால்.
டியூப்லைட் ஒரு கணம் பழுத்து மீண்டது.
லெட்சுமாங்குடிப் பக்கம் ஒரு மோட்டார்,
பிறகு மூன்று,
பிறகு வயல்வெளி முழுக்க
குறுவைக்கு இறைக்கிற உறுமல்.
யாரோ படுக்கையிலிருந்தபடியே
ஸ்டார்ட்டருக்கு மிஸ்டு கால் கொடுத்திருப்பார்.
யாரோ டார்ச்சோடு வரப்பில் ஓடுகிறார்.
அதே கணம் என் பெட்டியும்
டொக்.

அடித்தது இரைச்சலா, கரண்டா?

நல்ல ரெகுலேட்டர் ஒன்று போட்டால் தெரிந்துவிடும்.
நானூறு ரூபாய். திருவாரூரில் கிடைக்கும்.
மூன்று வாரமாகத் திருவாரூர் போய்ப் போய் வருகிறேன்,
மருந்து, ரேஷன் கார்டு, ஒரு மௌத்து.
அந்தக் கடை வாசலிலேயே பஸ் நிற்கிறது.

நேற்று கோட்டை ஒரு நூல் உயர்த்தினேன்,
இன்னும் அரிதாக வரட்டும் என்று.
விடிந்துவிட்டது.
வாய்க்காலில் தண்ணீர் ஓடுகிற சத்தம்.
சிவப்பு விளக்கு இன்னும்
எரியவில்லை.