தட்டிய கதவுகள்

நாசரேத்தில் பஸ் ஏறும்போதே
எனக்குக் கதவு தட்டத் தெரியும்.
விரல் முட்டியால் மூன்று தட்டு,
ஒரு சிரிப்பு, கையில் துண்டுப்பிரதி.
சேலம் அஸ்தம்பட்டி அலுவலகத்தில்
அதற்கொரு படிவமும் தந்தார்கள்:
தட்டிய கதவுகள், திறந்த கதவுகள், ஜெபித்த வீடுகள்.

ஏற்காட்டுக்கும் மேலே
பஸ் திரும்பிப் போகிற இடத்திலிருந்து
காப்பிச் செடிகளுக்கு நடுவே ஒன்றரை மைல்.
இருபத்தாறு வீடு.
ஆறு வாரம் தட்டினேன்.
உள்ளே அடுப்பு புகைந்தது.
குழந்தை இருமியது,
யாரோ அதன் வாயைப் பொத்தியதும் கேட்டது.
படிவத்தின் ஓரத்தில் எழுதினேன்:
இருதயம் கடினப்பட்ட ஜனம்.

மழை பிடித்துக்கொண்ட ஒரு சாயங்காலம்
சடைச்சி வீட்டு ஆட்டுக்கொட்டகையில் ஒதுங்கியபோது பார்த்தேன்.
உப்புக் கேட்டு வந்த பக்கத்து வீட்டுக்காரி
கதவுப் பக்கம் வரவேயில்லை.
பலாமரத்தடியில் நின்று தொண்டையைச் செருமினாள்,
பிறகு பேர் சொல்லி ஒரு சத்தம்.
அவ்வளவுதான், கதவு திறந்தது.

கொட்டகையில் என்னைக் கண்ட சடைச்சி
துரத்தவில்லை. சாமைக் கஞ்சி ஊற்றித் தந்தாள்.
பதிலுக்குக் கொடுக்க
நனைந்த காலண்டர் ஒன்றுதான் இருந்தது,
இயேசு ஒரு கதவைத் தட்டிக்கொண்டு நிற்கிற படம்.
அடுப்பு வெளிச்சத்தில் பிடித்து வெகுநேரம் பார்த்தாள்.
"யாரு, பாரஸ்ட்டுக்காரரா?
உள்ள யாரு ஒளிஞ்சிருக்கா?"

நான் சிரித்தேன்.
அவள் சிரிக்கவில்லை.
சந்தனக்கட்டை கேஸில்
அவள் கொழுந்தனை இழுத்துப்போன இரவு
கதவில் விழுந்ததும் மூன்று தட்டுதானாம்.

ராத்திரி அந்த வசனத்தைத் தேடி எடுத்தேன்.
ஓய்வுநாள் பள்ளியிலிருந்தே மனப்பாடம்,
ஆனால் தட்டுகிற இடத்தோடு நிறுத்திவிடுவேன்.
பின்பாதியில் குரல் இருக்கிறது.
குரல் யாருடையது என்று தெரிந்தவன்தான்
தாழ்ப்பாளில் கை வைக்கிறான்.
முப்பத்தொரு வயதுவரை
பாதி வசனத்தால் கதவுகளை அடித்திருக்கிறேன்.

சேர்வராயன் திருவிழாவுக்கு
குகைக்கோயில்வரை ஊரே நடந்தது.
சடைச்சியின் தண்ணீர்க் குடத்தைச் சுமந்து
பாதி வழி நானும் போனேன்.
பாதியில் ஏன் நின்றாய் என்று அவள் கேட்கவில்லை.
குடத்தை வாங்கிக்கொண்டு
"வழுக்கும், பார்த்து இறங்கு" என்றாள்.
ஏன் நின்றேன், ஏன் அவ்வளவு தூரம் போனேன்,
இரண்டையும் எழுதப் படிவத்தில் கட்டமில்லை.

மே மாத அறிக்கை.
தட்டிய கதவுகள்: பூஜ்யம்.
தேவசித்தம் ஐயா போனில் கேட்டார்,
"உடம்புக்கு ஏதும் முடியலையாம்மா?"

இன்று தூறல்.
செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு மேடேறி
பலாமரத்தடியில் நிற்கிறேன்.
செருமப் பார்த்தால் எனக்கு இருமல்தான் வருகிறது.
கடைசியில் என் ஊர்ப் பேச்சிலேயே கூப்பிட்டேன்,
"ஏளா, சடைச்சி!"
உள்ளே ஏதோ பாத்திரம் நகர்ந்தது.
"இரு, நாயைக் கட்டிட்டு வரேன்."